மல்காஜ்கிரியில் ஒரு விரல் நீள டார்ச்

ஐதராபாத்துக்குப் போகிறவர்கள் முத்துமாலை வாங்கி வருவார்கள். இல்லையென்றால் பிரியாணி தின்றுவிட்டு வந்து ஒரு வாரம் அதையே பேசுவார்கள். நான் போனது ஒரு டார்ச்சை நாலு நாள் பையில் போட்டுக்கொண்டு திரிவதற்கு.

பாளையங்கோட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டோர்ஸ் என் பொறுப்பு. இருபத்தாறு வருடமாகப் பஞ்சு, ஊசி, கையுறை எதுவும் என் கையெழுத்து இல்லாமல் வார்டுக்குப் போனதில்லை. நர்ஸ்கள் கோட்டுப் பையில் எந்நேரமும் வைத்துக்கொள்கிற மாதிரி, சார்ஜ் போடுகிற சின்ன டார்ச் வேண்டும் என்று மேட்ரன் கேட்டார். குஷாய்குடாவில் ஒரு பட்டறைக்காரர் அப்படி ஒன்றைச் செய்து மாதிரிக்கு அனுப்பியிருந்தார். "ஒங்க தம்பி அந்த ஊர்லதான இருக்காரு? லீவுல போறப்ப வச்சுப் பாத்துட்டு, அப்படியே பட்டறையையும் பாத்துட்டு வாங்க செண்பகம்" என்றார். லீவையும் கொடுத்து அதற்குள் வேலையையும் வைப்பதில் எங்கள் மேட்ரனை மிஞ்ச ஆளில்லை.

டார்ச் என் நடுவிரல் நீளம். கருப்பு அலுமினியம், அடியில் காந்தம், பக்கத்தில் கிளிப், ரப்பர் மூடிக்குள் சார்ஜர் ஓட்டை. ஒரு அமுக்கு அமுக்கினால் கண்ணைப் பறிக்கும் வெளிச்சம். இரண்டாவது அமுக்கில் நடுத்தரம், மூன்றாவதில் மங்கல். நாலாவது அமுக்கினால் ஆம்புலன்ஸ் மாதிரி விட்டுவிட்டு எரியும். அது யாருக்கு எதற்கு என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

முதல் குறையை ரயிலிலேயே நோட்டில் எழுதினேன். செருப்பைத் தேட அமுக்கினால் பெட்டி முழுவதும் விழித்துக்கொள்கிறது. மங்கல்தான் முதலில் வர வேண்டும். எதிர் பெர்த்துக்காரர் என்னைத் திட்டியதை எழுதவில்லை.

செகந்திராபாத்தில் இறங்கினால் வேலுவைக் காணோம். "ட்ரிப் இருக்குக்கா, ஆட்டோ பிடிச்சு வந்துரு" என்று போனில் சொன்னான். வேலு என் தம்பி, என்னை விட மூன்று வயது இளையவன். இருபத்தெட்டு வருடத்துக்கு முன்னால் ஜீடிமெட்லாவில் ஒரு மருந்துக் கம்பெனி வேலைக்காக இங்கே வந்தான். கம்பெனியை மூடிவிட்டார்கள். அதற்குப் பிறகு ஒரு சின்ன மஞ்சள் வேன் வாங்கிப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறான். முன்பெல்லாம் நான் வந்தால் பிளாட்பாரத்திலேயே நிற்பான். போன தடவையும் வரவில்லை, அதற்கு முந்தின தடவையும் வரவில்லை. பெண்டாட்டி பிள்ளை என்று ஆனபிறகு அக்கா எல்லாம் ஆட்டோவில் வருகிற சாமான்தான் என்று பொருமிக்கொண்டே ஏறினேன்.

பாதி வழியில் ஆட்டோக்காரர் வண்டியை ஓரம் கட்டிவிட்டு என் மடியையே பார்த்தார். தெலுங்கில் ஏதோ கேட்டார். குனிந்து பார்த்தால் என் கைப்பை உள்ளிருந்து எரிந்துகொண்டிருந்தது. பொத்தான் சீப்பில் அமுங்கி டார்ச் தானாக எரிந்து, தொட்டால் சுடுகிற அளவுக்குச் சூடேறியிருந்தது. அதை எடுத்துக் காட்டி அணைத்த பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது. இரண்டாவது குறை: பைக்குள் தானாக எரிகிறது. அந்தக் கலவரத்தில் அவர் என்னை வேலு வீடு இருக்கிற மல்காஜ்கிரிக்கு முன்னால், ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கமே இறக்கிவிட்டுப் போய்விட, பெட்டியைத் தூக்கிக்கொண்டு கால் மணி நேரம் நடந்தேன். டிசம்பர் மாதம். காலை எட்டு மணிக்கும் வானம் சாம்பல் பூசியதுபோல் இருந்தது. எங்கள் ஊரில் அந்நேரத்துக்கு வெயில் முதுகைத் தட்டும்.

வேலுவின் பெண்டாட்டி சாரதா, மூன்று தலைமுறையாக செகந்திராபாத்தில் இருக்கும் ரயில்வே குடும்பத்துப் பெண். அவள் தமிழ் ஒரு தனித் தினுசு. "வாங்க அண்ணி, டிஃபன் ரெடி. பூரா நாஷ்டா ஆன அப்றம்தான் பேச்சு" என்றாள். இட்லிக்குக் கடலைச் சட்னி வைத்தாள், தேங்காயைக் கண்ணிலேயே காட்டவில்லை. கேட்டால், "நக்கோ அண்ணி, தேங்கா போட்டா இங்க யாருக்கும் எறங்காது" என்றாள். நக்கோ என்றால் வேண்டாமாம். அவள் கைமணம் நன்றாகத்தான் இருந்தது. நான்தான் குறை எழுதுகிற நோட்டோடு வந்திருந்தேன்.

வேலு பதினொரு மணிக்கு வந்தான். மெலிந்திருந்தான். என்னைக் கட்டிக்கொள்ள வந்தவன் நடுவில் கிடந்த என் பெட்டியில் இடித்துக்கொண்டு, "யாரு இதைய வழியில வச்சது?" என்று கோபப்பட்டான். பெட்டி சிவப்பு, ஆளின் இடுப்பளவு உயரம். "ஏல, அது கண்ணுல படலியாக்கும்?" என்றேன். "ஒன்னையத்தான பாத்துட்டு வந்தேன்" என்று சிரித்தான். எனக்கு அந்தப் பதில் பிடித்துப்போயிற்று.

சாயங்காலம் ஆறேகாலுக்கு கரண்ட் போனது. டார்ச்சுக்கு நல்ல வாய்ப்பு என்று, வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த நர்ஸ் கோட்டைச் சேலைக்கு மேல் போட்டு, டார்ச்சை அதன் மார்புப் பையில் செருகிக்கொண்டு கிளம்பினேன். வேலுவும் கூட வந்தான். கீழே வண்டி நிறுத்துகிற இடத்தை இங்கே செல்லார் என்கிறார்கள். படியில் மங்கல் வெளிச்சத்தைப் போட்டேன். எனக்குப் படி, கைப்பிடி, சுவரில் எழுதியிருந்த கிறுக்கல் வரைக்கும் தெரிந்தது.

"டார்ச்சைப் போடுக்கா" என்றான் வேலு.

"போட்டுத்தான இருக்கேன்."

"இதுவா? இது என்ன மின்மினிப் பூச்சி மாதிரி? இதைய வச்சு நர்சம்மா ஊசி போட்டா எங்க போடுவாளோ."

நடுத்தரத்துக்கு மாற்றினேன். அப்போதும், "வெளிச்சம் நடுவுலதான் விழுது, ஓரத்துல ஒண்ணுமே தெரியல. ஒன் பட்டறைக்காரன் ஒன்னைய ஏமாத்திட்டான்" என்றான். கைப்பிடியை இறுகப் பிடித்து, ஒவ்வொரு படியையும் காலால் தடவித் தடவி இறங்கினான். நானும் சமர்த்தாக நோட்டில் எழுதிக்கொண்டேன். மூன்று: மங்கல் போதாது. நாலு: ஓரத்தில் வெளிச்சம் பரவவில்லை. வெளியாள் ஒருவர் அபிப்பிராயமும் இருந்தால் மேட்ரனுக்குத் திருப்தியாக இருக்கும் என்று, பக்கத்தில் 'தம்பி சொன்னது' என்றும் குறித்தேன்.

செல்லாரில் அவன் வேனுக்கு எதிரே இருந்த தூணில் மஞ்சள் பெயின்ட் ஈஷியிருந்தது. ஒன்றில்லை, நாலைந்து கீறல். எதுவும் கேட்கவில்லை. ஓட்டுகிறவன் வண்டி உரசத்தான் செய்யும் என்று விட்டுவிட்டேன்.

இரண்டாம் நாள் காலை ஆறரைக்கு வேனில் நானும் ஏறினேன். பிள்ளைகளை இறக்கிவிட்டு என்னைக் குஷாய்குடாவில் விடுவதாகப் பேச்சு. முன்சீட்டில் வேலுவின் மகள் நந்தினி. கல்லூரியில் கடைசி வருடம், தினமும் காலையில் அப்பாவோடு வேனில் போய்க் கல்லூரிப் பக்கம் இறங்கிக்கொள்வாளாம். என்னிடம் பேசினால் தமிழைப் புரிந்துகொண்டு பாதி இங்கிலீஷில் பதில் சொல்கிற பெண். பொழுது விடியவே இல்லை. பனியும் புகையும் சேர்ந்து, எதிரே வருகிற பஸ் பக்கத்தில் வந்த பிறகுதான் பஸ் என்று தெரிந்தது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் மூட்டை மாதிரி ஸ்வெட்டர் போட்ட பிள்ளைகள் ஏறின. என் வெள்ளைக் கோட்டைப் பார்த்துவிட்டு ஒரு சின்னப்பெண் ஊசி போட வந்தவள் என்று அழ ஆரம்பித்தாள்.

நந்தினி வழியெல்லாம் அப்பாவிடம் தெலுங்கில் பேசிக்கொண்டே வந்தாள். ராகம் போட்டு, வாய் ஓயாமல். எனக்குத் தெலுங்கு சுத்தமாகத் தெரியாது. என்ன ஒட்டுதலான பெண் என்று முதலில் ரசித்தேன். அப்புறம் ஒரு சொல் காதில் விழுந்தது. அப்பா, குடி. கொஞ்சம் தூரம் போய் மறுபடியும், குடி, குடி. அவள் குரல் உயர்ந்தது. வேலு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி தலையை மட்டும் ஆட்டினான்.

எங்கள் அப்பா குடித்தே போனவர். வேலுவுக்கு அப்போது பதினொரு வயது. சாக்கடை ஓரத்திலிருந்து அவரைத் தூக்கிவர நாங்கள் இரண்டு பேரும்தான் போவோம், தலைக்கு நான், காலுக்கு அவன். அதற்குப் பிறகு அந்தச் சொல்லை நான் வாயால் சொன்னதில்லை. தண்ணீரைக்கூடச் 'சாப்பிடு' என்றுதான் சொல்வேன். மருத்துவமனையில் இதற்காக என்னைக் கேலி செய்கிற நர்ஸ்கள் உண்டு. காரணத்தை யாரிடமும் சொன்னதில்லை.

இப்போது ஒவ்வொன்றாகக் கணக்குக்கு வந்தது. ஸ்டேஷனுக்கு வராதது. பெட்டியில் இடித்தது. படியில் தடவியது. தூணில் கீறல். பெற்ற மகள், ஊர்ப் பிள்ளைகளை வைத்துக்கொண்டே, அப்பனிடம் அந்தச் சொல்லைச் சொல்லிச் சொல்லிக் கெஞ்சுகிறாள். பின்னால் பதினெட்டுப் பிள்ளைகள். எனக்கு அவன் முதுகைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

குஷாய்குடாவில் இறக்கிவிட்டு, "டிஃபன் சாப்பிட்டுப் போக்கா, இந்த பண்டியில பெசரட்டு நல்லா இருக்கும்" என்றான். பண்டி என்றால் தள்ளுவண்டி. பச்சைப்பயறு தோசைக்குள் உப்புமாவை வைத்து, இஞ்சிச் சட்னியோடு இலைத்தட்டில் கொடுத்தார்கள். இரண்டு விள்ளலுக்கு மேல் இறங்கவில்லை. அவன் கிட்டே வந்து நின்றபோது மூச்சை இழுத்து மோந்து பார்த்தேன். தேங்காய் எண்ணெய் வாசனைதான் வந்தது. கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டேன்.

பட்டறை, ஒரு வீட்டின் பின்கட்டு. நடத்துகிறவர் பக்கத்து மின்னணுத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, பாதி இங்கிலீஷும் பாதி தெலுங்குமாகப் பேசினார். முதல் குறையைச் சொன்னதும் உற்சாகமாகிவிட்டார். "எல்லாரும் இன்னும் வெளிச்சம் வேண்டும், இன்னும் வேண்டும் என்றுதான் கேட்கிறார்கள். குறைவாகக் கேட்டு வந்தது நீங்கள் ஒருவர்தான்" என்றார். மங்கலை முதலில் வைப்பது சுலபமாம். பைக்குள் எரியாமலிருக்க, அடிமூடியைக் கால் சுற்று தளர்த்திவைத்தால் போதும் என்று செய்துகாட்டினார்.

மூன்றையும் நாலையும் சொன்னதும் முகம் மாறியது. ஜன்னலைச் சாத்தி அறையை இருட்டாக்கினார். மேசையில் இருந்த பத்து டார்ச்சை ஒவ்வொன்றாக மங்கலில் போட்டுச் சுவரில் காட்டினார். சுவரில் தொங்கிய காலண்டரின் பொடி எழுத்து வரைக்கும் எனக்குத் தெரிந்தது. வெளிச்சமும் அகலமாகத்தான் பரவியது.

"இந்தக் குறையைச் சொன்னது யார்?"

"என் தம்பி."

"அம்மா, நான் டார்ச்சை மாற்றப்போவதில்லை. அதைப் பார்த்த ஆளை நீங்கள் மாற்றுங்கள்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. அவன் 'அதை'ப் போட்டுவிட்டுப் பார்த்தால் எந்த வெளிச்சம்தான் போதும்? நோட்டை மூடிக்கொண்டு கிளம்பினேன். வீட்டுக்குத் திரும்பும்போது பஸ்ஸில் எதிர்த்திசையில் ஏறி, ஊர் எல்லைவரை போய்விட்டு வந்தேன். கண்டக்டர் சொன்னது எதுவும் மண்டையில் ஏறவில்லை.

மூன்றாம் நாள்தான் டார்ச்சுக்கு நிஜப் பரீட்சை. பாட்டிலைத் தேடினேன். வேலு மத்தியான ட்ரிப்புக்கு முன்னால் ஒரு மணி நேரம் படுப்பான். அவன் தூங்குகிறபோது கட்டிலுக்கு அடியில், பரணில், பீரோவுக்குப் பின்னால், அரிசி டிரம்முக்குப் பின்னால் என்று ஓர் இடம் விடவில்லை. பீரோ பக்கவாட்டில் காந்தத்தால் டார்ச்சை ஒட்டவைத்துவிட்டு இரண்டு கையாலும் துழாவினேன். இந்த வேலைக்கு இதைப்போல ஒரு சாமான் கிடையாது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

சாரதா இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தாள். "கைக்கு அண்ணி இவ்ளோ மெஹனத்? எலி வந்துச்சா?" எதற்கு இவ்வளவு பாடு என்று கேட்கிறாள்.

"டெஸ்ட்டு பண்ணுதேன்."

"ஹவ், ஹவ். பண்ணுங்க" என்று, சரி சரி என்கிற மாதிரி தலையாட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள். அவள் முகத்தில் ஒளிக்க எதுவும் இல்லை. கட்டினவளுக்கே தெரியாமல் நடத்துகிறான் என்று இன்னும் கொதித்தது.

ஆணியில் தொங்கிய வேன் சாவியை எடுத்துக்கொண்டு செல்லாருக்கு இறங்கினேன். டிரைவர் சீட்டுக்கு அடியில், முதலுதவிப் பெட்டிக்குப் பின்னால், மஞ்சள் பிளாஸ்டிக் கவர் ஒன்று சுருட்டிச் செருகியிருந்தது. அகப்பட்டுக்கொண்டான் என்று இழுத்தேன். பாட்டில் இல்லை, காகிதம். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு பிரித்தேன்.

ஒரு கண் ஆஸ்பத்திரிக் கோப்பு. அதில் இரண்டு கண்ணுக்கும் பார்வைப் பரப்பைச் சோதித்த படம். எங்கள் மருத்துவமனையிலும் கண் பிரிவு உண்டு, அந்தத் தாளை வாங்கித் தருவதே நான்தான். அதில் வட்டம் பெரும்பாலும் வெள்ளையாக இருக்க வேண்டும். வேலுவின் இரண்டு வட்டமும் ஓரத்திலிருந்து கருத்து வந்து, நடுவில் சட்டைப் பொத்தான் அளவுக்கு மட்டும் வெள்ளை மிஞ்சியிருந்தது. கீழே டாக்டர் எழுதியிருந்தார்: விழித்திரை நோய், போன பார்வை திரும்ப வராது, வண்டி ஓட்டக் கூடாது. இரண்டு வருடத்துக்கு முந்தைய தேதி.

வேன் படியில் உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. "அத்தை" என்று கூப்பிட்டது கேட்டது. நந்தினி கல்லூரிப் பையோடு நின்றாள். என் கையில் இருந்ததைப் பார்த்தாள்.

"நான் பாட்டில் தேடி வந்தேன்டி" என்றேன்.

"பாட்டில்? வாட் பாட்டில், அத்தை?"

"நீதான வண்டியில வழியெல்லாம் அந்தப் பேச்சுப் பேசுன. குடி குடின்னு." நாற்பத்தாறு வருடத்துக்குப் பிறகு அந்தச் சொல் என் வாயிலிருந்து வந்தது.

அவள் என்னையே பார்த்தாள். திடீரென்று சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே உடைந்து அழுகையாகிவிட்டது. "அத்தை, தெலுகுல குடின்னா ரைட். எடமன்னா லெஃப்ட். நான் அப்பாக்கு ரோடு சொல்றேன். ரைட்ல பைக், லெஃப்ட்ல ஆட்டோ... லெஃப்ட் ரைட்டுன்னு சொன்னா பசங்களுக்கு டவுட் வரும். இங்கிலீஷ் மீடியம் பசங்களுக்கு எடம, குடி டக்குனு தெரியாது. பாட்டு மாதிரி சொன்னா தே திங்க் நான் சும்மா பேசறேன்."

"எவ்வளவு நாளா?"

"டூ இயர்ஸ். மார்னிங் மட்டும். ஈவினிங் வெளிச்சம் இருக்கும், அப்பா மேனேஜ் பண்றார். அம்மாக்குத் தெரியாது. பிராமிஸ் வாங்கிட்டார்." முகத்தைத் துப்பட்டாவால் துடைத்துக்கொண்டாள். "அத்தை, எனக்கு ஜாப் வந்திருக்கு. புனேல. சங்கராந்தி ஆனதும் ஜாயின் பண்ணணும். அப்பாகிட்ட சொல்லல. சொன்னா, நீ போம்மா, நான் பாத்துக்கறேன்னு சொல்வார். பாத்துக்க முடியாது, அத்தை."

என் வாழ்க்கையில் முதல் முறையாக, இது குடியாக இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன். நினைத்தேன் என்ன, வேண்டிக்கொண்டேன். குடி என்றால் அடித்து நிறுத்தலாம், கொண்டுபோய்ச் சேர்க்கலாம், பிள்ளை மேல் சத்தியம் வாங்கலாம். இதை எதைச் சொல்லி நிறுத்துவது?

நந்தினி வேன் சாவியோடு மேலே போனபிறகு, டார்ச்சை மங்கலில் போட்டு, வலதுகையை முடிந்தமட்டும் பக்கவாட்டில் நீட்டி, நேரே தூணைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வெளிச்சம் தெரிந்தது. இடதுகைக்கு மாற்றினேன். தெரிந்தது. ஒரே வயிற்றில் பிறந்தவர்கள், எனக்கு வரவில்லை என்று மனசு குளிர்ந்தது. அடுத்த நிமிஷமே என்னை நானே காறித் துப்பிக்கொள்ளலாம் போல இருந்தது.

மத்தியான ட்ரிப்புக்கு நந்தினியையும் கூட அனுப்பிவிட்டு, சாயங்காலம் ஐந்து மணிக்கு வேலு வேனைக் கொண்டுவந்து நிறுத்துகிறவரை அங்கேயே இருந்தேன். நந்தினி இறங்கி மேலே போனாள். இறங்கினவனை, "ஏல, அப்படியே நில்லு. ஒரு டெஸ்ட்டு பாக்கி இருக்கு. நேரா அந்தத் தூணையே பாரு. வெளிச்சம் தெரிஞ்சதும் சொல்லு" என்றேன்.

"இன்னுமா ஒன் டெஸ்ட்டு முடியல?" என்று சிரித்துக்கொண்டே நின்றான்.

அவன் காதுக்கு நேரே கையை நீட்டி டார்ச்சைப் போட்டேன். கண்ணைப் பறிக்கிற வெளிச்சம். அவன் பேசாமல் நின்றான். மெல்ல முன்னால் கொண்டுவந்தேன். கன்னத்தைத் தாண்டியது. புருவ ஓரத்தைத் தாண்டியது. "போடுக்கா" என்றான். மூக்குக்கு நேரே வருகிறபோதுதான், "ம், இப்ப" என்றான். சொன்ன பிறகு என் கை எங்கே இருக்கிறது என்று பார்த்தான். பிறகு என் இன்னொரு கையில் இருந்த மஞ்சள் கவரைப் பார்த்தான்.

வேன் கதவை இழுத்துச் சாத்தினான். "பதினெட்டுப் பிள்ளைங்கக்கா. ரெண்டு வருஷத்துல ஒரு பிள்ளைக்கு ஒரு சிராய்ப்பு கெடையாது."

"தூணு சொல்லுதே."

"அது பிள்ளைங்க எறங்குனப்புறம். நந்தினி இல்லாதப்ப."

"அதத்தான் நானும் சொல்லுதேன். பிள்ளைங்கள ஏத்தி எறக்குதது அவ கண்ணு, ஒன் கண்ணு இல்ல. அந்தக் கண்ணு பொங்கல் கழிச்சு புனேக்குப் போவுது. வேலை கெடச்சிருக்கு அவளுக்கு. ஒங்கிட்ட சொல்லப் பயந்து வச்சிருக்கா."

வேலு வேன் மேல் கையை ஊன்றிக்கொண்டான். "எங்கிட்ட சொல்லலியே" என்றான். இரண்டு தடவை சொன்னான். அப்புறம், "நல்ல வேலையாக்கா?" என்று கேட்டான். நல்ல வேலை என்றேன். எனக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது.

"ஒன்னையக் குடிகாரன்னு நெனச்சிட்டேன்ல" என்றும் சொல்லிவிட்டேன். அந்தப் பெண் சொன்ன குடியைச் சொன்னேன். அவனுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. "எனக்கு அது ரைட்டுதான்க்கா. இங்க வந்து இத்தன வருஷத்துல அந்த இன்னொண்ணு மறந்தே போச்சு" என்றான். அப்பாவின் காலைப் பிடித்துத் தூக்கிவந்ததை அவன் மறந்திருக்கிறான் என்பது எனக்கு ஆறுதலா வருத்தமா என்று தெரியவில்லை.

மேலே போனதும் சாரதாவை உட்காரவைத்து அவனே சொன்னான். அவள் கத்தவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு வந்து, அவன் கண்ணுக்கு நேரே மூன்று விரலை நீட்டி, "எத்தன?" என்று கேட்டாள். மூன்று என்றான். "நேரா எல்லாம் தெரியும் சாரதா" என்றான். அவள் விரலை மடக்காமலே அழுதாள்.

பிறகு வேலு போனைக் கண்ணுக்கு நேரே நீட்டிப் பிடித்து எண்ணைத் தேடி, பிள்ளைகளின் பெற்றோர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டான். எல்லோரிடமும் ஒரே வாக்கியம்: பண்டி கராப் அயிந்தி. நந்தினி என் காதோரமாக, "வண்டி கெட்டுப்போச்சு" என்றாள். வண்டிக்கு ஒன்றும் இல்லை. ஆறாவது அழைப்பில் அந்த வாக்கியம் எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. பத்தாவது அழைப்பில் அவன் குரல் கரகரத்தது. சாரதா தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள், அவன் கவனிக்கவில்லை. டம்ளர் அவன் முழங்கைக்கு ஓரமாக இருந்தது.

பதினெட்டாவது, என் கோட்டைப் பார்த்து அழுத சின்னப்பெண்ணின் அம்மா. எப்போது சரியாகும் என்று அவள் கேட்டிருக்க வேண்டும். வேலு போனை மறுகாதுக்கு மாற்றினான். பிறகு மெதுவாகச் சொன்னான். நந்தினி அதை எனக்கு மொழிபெயர்க்காமல் எழுந்து உள்ளே போய்விட்டாள். நான் வேலுவிடமே கேட்டேன்.

"இது ரெடி ஆவற வண்டி இல்லம்மான்னு சொன்னேன்" என்றான்.

நாலாம் நாள் மத்தியானம் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு மேட்ரனுக்கு அறிக்கை எழுதினேன். முதல் இரண்டு குறையையும், பட்டறைக்காரர் சரிசெய்து தருவதாகச் சொன்னதையும் எழுதினேன். விட்டுவிட்டு எரிகிற நாலாவது அமுக்கை எடுத்துவிடச் சொன்னேன். மூன்றையும் நாலையும் கோடு போட்டு அடித்தேன். 'தம்பி சொன்னது' என்பதை மட்டும் அடிக்க மனசு வரவில்லை, ஆனாலும் அடித்தேன். கடைசி வரியில், மாதிரி ஒன்று திரும்பவில்லை, பொறுப்பு என்னுடையது என்று கையெழுத்துப் போட்டேன். இருபத்தாறு வருடத்தில் என் ஸ்டோர்ஸில் ஒரு சாமான் குறைந்தது அதுதான்.

சாயங்காலம் ரயில். தெருமுனை ஆட்டோ வரை வேலு வருவேன் என்று பிடிவாதம் பிடித்தான். பொழுது மங்கிக்கொண்டிருந்தது. முனையில் ஒரு பெண் அடுப்பை மூட்டிச் சோள ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள், அந்தப் புகையும் சேர்ந்துகொண்டது. சாக்கடைக் குழாய்க்குத் தோண்டிய தெருவை யாரும் மூடவில்லை. டார்ச்சை அவன் கையில் கொடுத்து, அடிமூடியைக் கால் சுற்று தளர்த்தி வைக்க வேண்டும் என்று காட்டினேன். அமுக்கினான். பெரிய வெளிச்சம் அவன் காலடியில் வட்டமாக விழுந்தது. அந்த வட்டத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நடந்தான்.

நான் பக்கத்திலேயே நடந்தேன். இடதுபக்கம் நிறுத்திவைத்த பைக் ஒன்று எதிர்ப்பட்டது.

"எடம" என்றேன். அவன் சட்டென்று என் பக்கம் திரும்பினான். பிறகு விலகி நடந்தான்.

இன்னும் பத்தடியில் தோண்டிப்போட்ட பள்ளம், வெளிச்சத்துக்கு வெளியே, வலதுபக்கம். ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். நான் வேலுவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன்.

"குடி, வேலு" என்றேன். "குடிப் பக்கம் பள்ளம் கெடக்கு. பாத்து வா."